பங்காளி முகத்தில் கரி பூசாதீர்கள்

காஞ்சிரங்குளம், நெல்லிமூடு, நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரச் சபைகளின் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்கு,



ஓய்வுநாள் பாடசாலை ஆண்டுவிழாவிலும் கன்வென்ஷன் கலைநிகழ்ச்சியிலும் ‘ஆப்பிரிக்க மிஷன்’ என்று ஒரு காட்சி போடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். எந்தச் சபை என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. போகிற இடமெல்லாம் ஒரே காட்சிதான். ஏழெட்டுப் பையன்கள் முகத்திலும் உடம்பிலும் கரியைப் பூசிக்கொண்டு, இடுப்பில் வாழைச்சருகைக் கட்டி, கையில் கம்போடு குதிப்பார்கள். வாயில் வந்ததை ஒரு பாஷை மாதிரி உளறுவார்கள். பிறகு வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு தம்பி வேதப்புத்தகத்தோடு மேடை ஏறுவார். கரி பூசியவர்கள் முழங்காலில் விழுவார்கள். கைதட்டல். அடுத்தபடி காணிக்கைப் பை வரும்.

நான் போட்ஸ்வானாவில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக வேலை பார்த்தவன். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அந்த நாட்டுக்கு வாத்தியார்களும் கணக்கர்களும் மருத்துவர்களும் போனது பல வருஷத்துக் கதை. நம் எல்லை ஊர்களிலேயே விசாரித்தால் அங்கே இருந்துவந்த ஒரு குடும்பமாவது கிடைக்கும். அங்கே என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் சீருடையை இஸ்திரி போட்டு, செருப்பு அல்ல, ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். பெரியவருக்கு எதையாவது கொடுக்கும்போது வலது கையை நீட்டி, இடது கையால் அந்த முழங்கையைத் தொட்டுக்கொள்கிறவர்கள். வணக்கம் சொல்லாமல் கடையில் உப்பு கேட்டால்கூட முறையல்ல என்று நினைக்கிற ஜனம். அவர்களில் ஒருவர் உங்கள் விழாவுக்கு விருந்தாளியாக வந்துவிட்டால் அந்தக் காட்சி நேரத்தில் அவரை எங்கே உட்காரவைப்பீர்கள்?

மரியாதைக் குறைவு என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் கரி பூசிக் காட்டுகிற அந்த ஜனம் உங்களுக்கு அந்நியரே அல்ல. சபை வரலாற்றுக் கணக்குப்படி அவர்கள் உங்கள் பங்காளிகள்.

திருவனந்தபுரம் பாளையத்தில் எல்.எம்.எஸ். வளாகத்துக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள்? அந்த மூன்றெழுத்து லண்டன் மிஷனரி சங்கம். 1795இல் தொடங்கியது. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது அந்தச் சங்கத்தின் பேரில்தான். 1818இல் மீட் ஐயர் மயிலாடியில் பொறுப்பேற்றதும், நெய்யூரில் ஆஸ்பத்திரி வந்ததும், பாறசாலையில் மிஷன் நிலையம் வந்ததும் அதன் கணக்கில்தான். பாறசாலையில் ஊழியம் செய்த ஜான் ஆப்ஸ் திருவிதாங்கூரில் தமக்கு இருபத்திரண்டு வருஷத்தில் கிடைத்த அனுபவத்தை 1870இல் புத்தகமாகவே போட்டார். இதெல்லாம் உங்கள் சபை நூற்றாண்டு மலர்களில் இருக்கிறது.

மலரில் இல்லாத மறுபாதி இது. மீட் ஐயர் மயிலாடிக்கு வந்ததற்கு முந்தைய ஆண்டு, 1817 ஜனவரியில், அதே சங்கம் அனுப்பிய ராபர்ட் மொஃபட் கேப் டவுனில் இறங்கினார். குருமான் என்ற நீரூற்றுக் கரையில் நிலையம் போட்டு, செட்ஸ்வானா மொழியைக் கற்று, 1857இல் முழு வேதாகமத்தையும் அந்த மொழியில் அச்சிட்டு முடித்தார். அவருடைய மருமகன் டேவிட் லிவிங்ஸ்டன், இன்றைய போட்ஸ்வானாவுக்குள் கொலோபெங் என்ற இடத்தில் 1847இல் வீடு கட்டினார். லிவிங்ஸ்டன் என்றால் சிங்கம் கடித்த கதையும் விக்டோரியா அருவியும்தான் நமக்குத் தெரியும். நம் பாட்டன்மாருக்கு உபதேசியார் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்கிலிருந்துதான் அவருக்கும் வந்தது. லண்டனில் அந்தச் சங்கத்தின் பழைய ஆவணங்கள் இன்று ஒரே காப்பகத்தில் இருக்கின்றன. திருவிதாங்கூர்க் கடிதங்களும், செட்ஸ்வானா பேசும் பெச்சுவானா நாட்டுக் கடிதங்களும் அங்கே ஒரே கூரையின் கீழ். இரண்டு கட்டையும் பிரித்தால் கடிதம் எழுதியவர்களின் பார்வையில் பெரிய வித்தியாசம் இருக்காது. அவர்கள் பார்வையில் நம் முன்னோரும் ‘இருளில் இருந்த ஜனம்’தான். லண்டனில் எவராவது நம்மைப் போலக் காட்சி போட்டிருந்தால் கரி பூசி, பனை ஓலை கட்டி நடித்திருப்பது நம்மைத்தான்.

சரி, நாட்டைச் சொல்கிறேன்.

போட்ஸ்வானாவின் பரப்பு சுமார் 5,81,700 சதுர கிலோமீட்டர். பதினைந்து கேரளத்தை உள்ளே வைக்கலாம். ஜனத்தொகை 2022 கணக்கெடுப்பில் சுமார் 23 லட்சம். நம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கில் 33 லட்சம் பேர். வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் நாலு வீட்டில் பதில் வருகிற காஞ்சிரங்குளத்திலிருந்து போகிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது அந்த வெறுமைதான். தலைநகர் கபரோனிலிருந்து வடக்கே மவுன் ஊருக்குச் சாலை வழியாகச் சுமார் 900 கிலோமீட்டர். வழி நெடுக முள்மரம், புல், சாலையில் படுத்துக்கிடக்கும் கழுதை, திரும்பவும் முள்மரம்.

கலஹாரி பாலைவனம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்துவிட்டு ராஜஸ்தான் மணல் மேட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். கலஹாரி மணல் பூமிதான், ஆனால் புல்லும் புதரும் மூடிய மணல். தண்ணீர்தான் மேலே நிற்காது. மழை நவம்பர் முதல் மார்ச் வரை. கபரோனில் வருஷத்துக்குச் சுமார் 500 மில்லிமீட்டர், தென்மேற்கே அதில் பாதி. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற நம் ஊரில் ‘மழை கொஞ்சம் பொய்த்துவிட்டது’ என்று சொல்கிற வருஷத்திலும் அதைவிட இரண்டு மடங்கு பெய்திருக்கும். கபரோனுக்குக் குடிதண்ணீர் தருகிற அணை 2015இல் ஏறத்தாழ முழுவதும் வற்றியது. வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து குழாயில்தான் தலைநகருக்குத் தண்ணீர் வந்தது. பணத்துக்கே அவர்கள் மழை என்று பொருள்படும் புலா என்ற பெயரை 1976இல் வைத்துவிட்டார்கள். அதற்குமேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

ஜூன், ஜூலையில் குளிர். ராத்திரி தண்ணீர் உறைகிற அளவுக்கு இறங்கும். ஆப்பிரிக்கா என்றால் எப்போதும் வெயில் என்று கம்பளி இல்லாமல் போய் இறங்குகிற மலையாளி வாத்தியார்களை அங்குள்ளவர்கள் ஒவ்வொரு வருஷமும் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

வடமேற்கில் ஒக்கவாங்கோ. அங்கோலா மலைகளில் பிறந்து, நமீபியாவைத் தொட்டு, போட்ஸ்வானாவுக்குள் வந்து விரிந்து மணலிலேயே முடிந்துபோகிற ஆறு. நெய்யாறு பூவாறில் கடலைச் சேருகிற மாதிரி அது எந்தக் கடலையும் சேருவதில்லை. மழை அங்கோலாவில் பெய்கிறது, வெள்ளம் மாதக்கணக்கில் நகர்ந்து வந்து, போட்ஸ்வானாவில் மழையே இல்லாத குளிர்காலத்தில் டெல்டாவை நிரப்புகிறது. யானையும் சிங்கமும் அங்கே நிறைய. அந்த டெல்டா 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது. நாட்டின் பெரும்பாலான ஜனம் இருப்பது கிழக்கு ஓரத்து ரயில் பாதையை ஒட்டி. அவர்களில் பலர் சிங்கத்தை நேரில் பார்த்ததே கிடையாது, நீங்கள் அகத்தியமலைக் காட்டில் புலியைப் பார்த்திராத மாதிரி.

இந்த ஆற்றைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கோலா, நமீபியா, போட்ஸ்வானா மூன்றும் 1994இல் ஒக்கவாங்கோவுக்கு ஒரு நிரந்தர ஆணையம் வைத்துக்கொண்டன. அங்கோலாவில் அப்போது உள்நாட்டுப் போர் ஓயவில்லை. நமீபியா சுதந்திரம் வாங்கி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த நிலையிலும் மேசையில் உட்கார்ந்தார்கள். இங்கே நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் தமிழ்நாட்டு விளவங்கோட்டுக்குப் போன தண்ணீர் 2004இல் நின்றது. தமிழ்நாடு 2012இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. இரண்டு பக்கமும் படித்த ஜனம், ஒரே நாட்டுக் கொடி, பல வீடுகளில் இரு கரையிலும் சம்பந்தி வேறு. ஆப்பிரிக்காவுக்கு வெளிச்சம் கொண்டுபோகும் பாட்டை மேடையில் பாடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லையைச் சொன்னதால் இன்னொன்று. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளப் பக்கம் நின்றது. தமிழ் பேசும் நம் வீடுகள் பல கோட்டுக்கு இப்பால் நின்றன. அந்த வலியும் பெருமையும் உங்கள் தாத்தாமாருக்குத் தெரியும். செட்ஸ்வானா பேசும் ஜனத்துக்கு இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1885இல் ஆங்கிலேயர் கோடு போட்டபோது வடக்குப் பாதி, அதாவது இன்றைய போட்ஸ்வானா, பெச்சுவானாலாந்து பாதுகாப்புப் பகுதி ஆயிற்று. தெற்குப் பாதி கேப் காலனிக்குள் போய், கடைசியில் தென்னாப்பிரிக்கா ஆயிற்று. இன்று அந்த மொழியைப் பேசுகிறவர்கள் போட்ஸ்வானாவைவிடத் தென்னாப்பிரிக்காவில்தான் அதிகம், நாற்பது லட்சத்துக்கும் மேல். வடக்குப் பாதியின் தலைமை அலுவலகமே மாஃபிகெங்கில், அதாவது நாட்டு எல்லைக்கு வெளியே இருந்தது. சுதந்திரம் வரப்போகிறது என்றபிறகுதான் கபரோனில் அவசரமாகத் தலைநகர் கட்டினார்கள். எல்லை ஊரில் வளர்ந்த நமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, நீங்கள் மேடையில் காட்டுகிற அந்த ‘முழங்காலில் விழுகிற’ ஜனத்தின் ராஜாக்கள் உண்மையில் யார் என்று பார்ப்போம்.

கொலோபெங்கில் லிவிங்ஸ்டன் ஞானஸ்நானம் கொடுத்தவர் பக்வேனா ஜனத்தின் அரசர் செசேலே. 1848 அக்டோபரில். எழுத்தை அடையாளம் காணக் கற்றவுடன் வாசிப்பில் வெறியாகப் பிடித்துக்கொண்ட மனிதர். சில மாதத்திலேயே, ஞானஸ்நானத்துக்காக விலக்கி அனுப்பிய மனைவிகளில் ஒருவரோடு உறவு வைத்தார் என்று லிவிங்ஸ்டன் அவரை நற்கருணையிலிருந்து நீக்கிவிட்டு, கொஞ்ச காலத்தில் ஊரைவிட்டும் போய்விட்டார். 1852இல் டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்கள் படையெடுத்து வந்து கொலோபெங் மிஷன் வீட்டைச் சூறையாடினார்கள். மிஷனரி இல்லை, வீடும் இல்லை. ஆனால் செசேலே விடவில்லை. தாமே ஜெபம் நடத்தினார், தாமே வேதம் படித்துச் சொன்னார், அக்கம்பக்கத்து ஜனங்களுக்கும் கொண்டுபோனார். அந்தப் பகுதியில் விசுவாசம் பரவியதற்கு லிவிங்ஸ்டனைவிட, அவர் விலக்கிவைத்த இந்த மனிதரே அதிகக் காரணம் என்று எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. உங்கள் காட்சியில் இவருக்கு வேஷமே கிடையாது.

அடுத்த கதை இதைவிடப் பெரியது. 1895. வைரமும் தங்கமும் கைக்கு வந்து, ஆப்பிரிக்காவையே விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்த செசில் ரோட்ஸ், பெச்சுவானாலாந்தைத் தன் கம்பெனியிடம் கொடுத்துவிடும்படி பிரிட்டிஷ் அரசாங்கத்தை நெருக்கினார். கொடுத்தால் நிலம் போகும், சாராயக் கடை வரும். மூன்று அரசர்கள் கப்பலேறி லண்டனுக்குப் போனார்கள். பமங்வாட்டோ ஜனத்தின் மூன்றாம் காமா, பக்வேனாவின் செபேலே (செசேலேயின் மகன்), பங்வகெட்சேயின் பதோயென். கூட எல்.எம்.எஸ். மிஷனரி வில்லோபி. காலனி மந்திரி ஜோசப் சேம்பர்லேன், கம்பெனியோடு பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு விடுமுறைக்குப் போய்விட்டார். இவர்கள் திரும்பிப் போகவில்லை. மந்திரி வரும்வரை இங்கிலாந்தின் ஊர் ஊராகப் போய், சபை சபையாக ஏறிப் பேசினார்கள். மதுவிலக்குக்காரர்களும் சபை ஜனங்களும் மனு மேல் மனுவாக அனுப்ப ஆரம்பித்தார்கள். சேம்பர்லேன் திரும்பியபோது மேசை முழுக்கக் கடிதம். கடைசியில் ரயில் பாதைக்கு ஒரு துண்டு நிலம் மட்டும் கொடுத்துவிட்டு, நாட்டை ராணியின் நேரடிப் பாதுகாப்பில் காப்பாற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதே ஆண்டுக் கடைசியில் ரோட்ஸின் ஆள் ஜேம்சன் போயர்களின் டிரான்ஸ்வாலுக்குள் படையோடு புகுந்து மாட்டிக்கொள்ள, ரோட்ஸின் மானமும் போனது, அந்தத் திட்டமும் போனது. கபரோனில் இந்த மூவருக்கும் 2005இல் பிரம்மாண்டமான சிலை வைத்திருக்கிறார்கள்.

இதில் யார் யாரை உபயோகித்துக்கொண்டார்கள் என்று யோசியுங்கள். ரோட்ஸ் அந்த நாட்டை விழுங்கியிருந்தால் அது அவர் பெயர் வைத்த இன்னொரு ரொடீஷியா ஆகியிருக்கும். மிஷன் என்ற ஏணியை மூன்று அரசர்கள் தங்கள் நாட்டின் சுவரில் சாத்தி ஏறினார்கள். நம் ஆட்கள் செய்ததும் அதுதான். மார்பை மறைக்கும் தோள்சீலை உரிமைக்காக 1822இல் தொடங்கிய போராட்டம் 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜா பிறப்பித்த விளம்பரத்தில் வந்து நின்றதே, அந்த முப்பத்தேழு வருஷமும் நம் பாட்டிமார் அடிபட்டுக்கொண்டே மிஷனரி வீட்டு வாசலிலும், ரெசிடெண்ட் கச்சேரியிலும், கடைசியில் சென்னை கவர்னர் வரையிலும் மனுக் கொண்டுபோனதால்தான் நடந்தது. மிஷனரி கொடுத்தார், நாம் வாங்கினோம் என்று சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் யார் என்பதையே மறந்துவிட்டோம். அந்த மறதிதான் உங்கள் மேடையில் கரியாக வந்து நிற்கிறது.

சங்கத்தை நான் புனிதமாக்க வரவில்லை. மூன்றாம் காமாவின் பேரன் செரெட்சே காமா, சங்கத்தின் டைகர் குளூஃப் பள்ளியில் படித்தவர். லண்டனில் சட்டம் படிக்கப் போன இடத்தில் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்தார். சித்தப்பா செகெடி எதிர்த்தார். லண்டனில் இருந்த நம் சங்கத்து அலுவலர்களே ஓடியாடி அந்தத் திருமணத்தை நிறுத்தப் பார்த்தார்கள். தேவாலயக் கதவு அடைபட்டது. 1948 செப்டம்பரில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அந்த வருஷம்தான் தென்னாப்பிரிக்காவில் இனஒதுக்கல் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. பக்கத்து நாட்டில் கறுப்பு ராஜாவும் வெள்ளை ராணியும் இருக்கக் கூடாது என்று அவர்கள் நெருக்க, பிரிட்டன் செரெட்சேயைச் சொந்த நாட்டுக்குள் வர விடாமல் தள்ளிவைத்தது. ராஜ பட்டத்தை விட்டுக்கொடுத்து, சாதாரணக் குடிமகனாக 1956இல்தான் அவரால் ஊர் திரும்ப முடிந்தது. பத்து வருஷம் கழித்து, 1966 செப்டம்பர் 30இல், அவர் அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி. சாதி மாறிக் கல்யாணம் செய்த பிள்ளையைச் சபை ஜனமே எப்படி நடத்துகிறது என்று நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை உறைக்கும்.

சுதந்திரத்தின்போது நாடு முழுவதிலும் தார் போட்ட சாலை 12 கிலோமீட்டர்தான் என்று சொல்வார்கள். அடுத்த வருஷம் ஒராபாவில் வைரம் கண்டார்கள். அது கிடைத்தது செரெட்சேயின் சொந்த ஜனமான பமங்வாட்டோவின் பூமியில். அவரே அந்த 1967இல் சட்டம் கொண்டுவந்து, பூமிக்கடியில் இருப்பதெல்லாம் இனத்துக்கல்ல, நாட்டுக்கு என்று ஆக்கினார். வைரச் சுரங்கம் நடத்திய டி பியர்ஸ் கம்பெனியோடு பங்கைப் பேசிப் பேசி 1975இல் பாதிக்குப் பாதி ஆக்கினார்கள். 1982இல் ஜ்வானெங் சுரங்கம் வந்தது. அந்தக் காசு சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஆயிற்று. எங்களைப் போன்ற வெளிநாட்டு வாத்தியார்களின் சம்பளமும் அதிலிருந்துதான். கண்டத்தில் வைரம் கிடைத்த மற்ற சில நாடுகளில் அது எத்தனை உயிரைக் குடித்தது என்று நினைத்துப் பார்த்தால், அந்த 1967 கையெழுத்தின் எடை தெரியும்.

பல்கலைக்கழகம் வந்த விதத்தை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்குவதில்லை. மூன்று நாடுகளுக்குப் பொதுவாக இருந்த பல்கலைக்கழகத்திலிருந்து 1975இல் லெசோதோ பிரிந்து, பிரதான வளாகத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. போட்ஸ்வானாவுக்குக் கட்டடமே இல்லை. ஆளுக்கொரு மாடு கொடுங்கள் என்று அரசாங்கம் ஜனத்திடம் கேட்டது. மாடு உள்ளவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். இல்லாதவர் சோளமும் முட்டையும் சில்லறையும் கொண்டுவந்தார். நம் அறுப்பின் பண்டிகையில் வாழைக்குலையும் கோழியும் ஏலம் போய்ச் சபைக் கட்டடம் எழும்புகிறதே, அந்த மாதிரி ஒரு நாட்டின் பல்கலைக்கழகம் எழும்பியது. 1982 முதல் அது போட்ஸ்வானா பல்கலைக்கழகம். காஞ்சிரங்குளம் குஞ்ஞுகிருஷ்ணன் நாடார் நினைவு அரசுக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இதைக் கேட்டால் ரசிப்பார்கள்.

அன்றாட வாழ்க்கை என்று கேட்டால், மாட்டில் தொடங்கி மாட்டில் முடியும். பழைய வழக்கப்படி ஒரு குடும்பத்துக்கு மூன்று இருப்பிடம்: ஊரில் வீடு, விளைநிலத்தில் ஒரு குடிசை, தூரத்தில் மாட்டுப்பட்டி. கபரோனில் வங்கி மேனேஜராக இருப்பவரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிக்-அப் வண்டியில் மாட்டுப்பட்டிக்குப் போய்விடுவார். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு மாடு கொடுக்க வேண்டும். வரதட்சணையாக ஸ்கூட்டரும் பவுனும் கேட்கிற ஊரிலிருந்து போனவனுக்கு, காசு போகிற திசை மாறியிருப்பதைப் பார்க்கவே ஆறுதலாக இருந்தது. சாவு என்றால் அடக்கம் பெரும்பாலும் சனிக்கிழமை விடியற்காலையில். வெள்ளி ராத்திரி முழுக்கப் பாட்டும் ஜெபமும். பெரிய இரும்புப் பானைகளில் மாட்டுக்கறியை உப்பு மட்டும் போட்டு மணிக்கணக்காக வேகவைத்து, கட்டையால் அடித்து நாராக்குவார்கள், அதன் பெயர் செஸ்வா. கூட சோளக்களி. புளித்த பாலை அந்தக் களியில் ஊற்றிச் சாப்பிடும்போது மரச்சீனியும் மீனும் இல்லாத குறை எனக்குக் கொஞ்சம் மறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நாலு குரலில் பாடுகிற பாட்டு இருக்கிறதே, வாத்தியமே வேண்டாம். கீபோர்டில் ரிதம் போட்டு, ஸ்பீக்கரில் ஊரை எழுப்புகிற நம் பாடகர் குழுக்கள் அதை ஒருமுறை கேட்க வேண்டும்.

ஊர்ப் பேச்சுக்கு க்கோட்லா என்று ஒரு சபை. மரக்கம்புகளை அரைவட்டமாக நட்ட திறந்தவெளி. வழக்கு, நிலம், தண்ணீர், மந்திரியின் வருகை எல்லாம் அங்கே. யாரும் எழுந்து பேசலாம், அரசர் கடைசியில்தான் பேசுவார். ஒரு காலத்தில் பெண்களுக்கு அங்கே குரல் கிடையாது. 2003இல் பலேட்டே ஜனத்துக்கு மொசாடி செபோகோ என்ற பெண்ணே அரசி ஆனார். 2024 அக்டோபர் தேர்தலில், சுதந்திரம் முதல் 58 வருஷம் ஆண்ட கட்சி தோற்றது. தோற்ற ஜனாதிபதி உடனே ஒத்துக்கொண்டார். நவம்பர் 1இல் டுமா போகோ பதவியேற்றார். ஒரு கடை ஷட்டர்கூட உடையவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இதுவும் இன்னொரு வேஷம் ஆகிவிடும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எய்ட்ஸ் அந்த நாட்டைப் பாதி அழித்துவிடும் என்று உலகமே பயந்தது. வாரா வாரம் சனிக்கிழமை அடக்கங்கள். 2002இல் மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதால்தான் பிழைத்தார்கள். கலஹாரியின் ஆதிக்குடிகளான சான் ஜனத்தை 1997இலும் 2002இலும் அவர்களுடைய பூமியிலிருந்து அரசாங்கம் வெளியேற்றியது. 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அது தவறு என்றது, ஆனால் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீருக்கு அவர்கள் 2011 வரை வழக்காட வேண்டியிருந்தது. மழையைக் கொண்டாடுகிற நாடு, தாகமெடுத்தவனுக்குக் கிணற்றை அடைத்ததை நான் மன்னிப்பதாக இல்லை. இப்போது ஆய்வுக்கூடத்தில் செய்கிற வைரம் வந்து, சுரங்க வைரத்தின் விலை சரிந்து, அரசாங்கக் கஜானா தடுமாறுகிறது. போட்ஸ்வானாவுக்கு வேலைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்கிற தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் சொல்கிறேன்: பழைய காலம் மாதிரி அல்ல, படித்த அவர்கள் பிள்ளைகளே வேலை தேடுகிறார்கள். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமும் வேலை அனுமதியும் கையில் வராமல் எந்த ஏஜென்டுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

மறுபடி சபைக்கு வருவோம். நம் சபை 1947இல் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. போட்ஸ்வானாவில் சங்கத்தின் சபையார் 1967இல் தென்பகுதி ஆப்பிரிக்க ஐக்கிய கான்கிரிகேஷனல் சபை ஆனார்கள். அந்தப் பெயர் தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டைக் குறிப்பதல்ல, போட்ஸ்வானாவும் ஜிம்பாப்வேயும் அதற்குள்தான். பழைய லண்டன் சங்கத்தின் வழிவந்த உலக ஊழிய மன்றம் 1977இல் திருத்தி அமைக்கப்பட்டபோது, கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்ற வரிசையை எடுத்துவிட்டு எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். நம் சபையும் அவர்கள் சபையும் இன்று அந்த மேசையில் சம பங்காளிகள். ‘இருண்ட ஆப்பிரிக்கா’வுக்கு என்று நீங்கள் பை ஏந்துவது, அந்த மன்றத்தின் கூட்டத்துக்கு நம் பேராயர் போனால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் பெயரில்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அந்தக் காட்சியை நிறுத்துங்கள். ஆப்பிரிக்காவை மேடையில் ஏற்றத்தான் வேண்டும் என்றால் 1895ஐ நாடகமாகப் போடுங்கள். மூன்று அரசர்கள், ஒரு வில்லோபி, விடுமுறைக்குப் பெட்டி கட்டுகிற ஒரு சேம்பர்லேன், மனு எழுதுகிற சபை ஜனம். அரசர்களுக்குக் கரி வேண்டாம், வாழைச்சருகும் வேண்டாம். அவர்கள் கோட்டும் சூட்டும் போட்டுத்தான் லண்டன் வீதியில் நடந்தார்கள், புகைப்படமே இருக்கிறது. வசனம் தமிழில் இருக்கட்டும், நடுவில் மலையாளம் வந்தால் கேட்கிற நமக்கு அது இடறாது. எழுதித் தர நான் தயார்.

செப்டம்பர் 30 அவர்களுடைய சுதந்திர நாள். அதை ஒட்டிய ஞாயிறு ஆராதனையில் ‘ஆப்பிரிக்க தேசங்களுக்காக’ என்று மொத்தமாகச் சொல்லிக் கடந்துபோகாமல், போட்ஸ்வானா என்று பெயர் சொல்லி ஜெபியுங்கள். அவர்கள் உங்களுக்காக ஜெபிக்கும்போது ‘ஆசியா’ என்று மட்டும் சொன்னால் உங்களுக்குப் பிடிக்குமா?

அன்புடன்,
காஞ்சிரங்குளத்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்